அரைமணி ஊர்

இரண்டு நாள் விடுமுறை கிடைத்துத் தென்பாண்டிச் சீமைப் பக்கம் புறப்படுகிறவர்கள் என்னிடம் ஒரு கேள்வி கேட்பது வழக்கம். "மதுரையில் தங்கலாமா, ஸ்ரீவில்லிபுத்தூரில் தங்கலாமா?" கேட்பதுதான் கேள்வி, பதிலைக் கையோடு கொண்டு வந்திருப்பார்கள். "மதுரை என்றால் சாப்பாட்டுக்குக் கவலையில்லை. ஸ்ரீவில்லிபுத்தூர் அரைமணி நேரத்து ஊர்தானே? குற்றாலம் போகிற வழியில் காரை நிறுத்திக் கோபுரத்தைப் பார்த்துவிட்டு, இரண்டு பொட்டலம் பால்கோவா வாங்கிக்கொண்டு கிளம்பிவிட வேண்டியதுதான்!"

இந்த 'அரைமணி' அபிப்பிராயத்தின்மேல் எனக்கு வெகுநாளாகக் கோபம். இன்று அதைக் கொட்டித் தீர்த்துவிடப் போகிறேன்.

முதலில் மதுரைக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் ஊர்ச் சாப்பாட்டைக் குறை சொல்ல நான் வரவில்லை. சொன்னால் என் நாக்கே என்னை மன்னிக்காது. நள்ளிரவிலும் ஆவி பறக்கும் இட்லி, அதைச் சுற்றி வகைவகையாய்ச் சட்னி, கறிதோசை, வெயிலுக்கு ஜிகர்தண்டா, தொண்டைக்கு இதமாகப் பருத்திப்பால் என்று வயிற்றை மதிக்கத் தெரிந்த ஊர் அது. ஆனால், ஐயா, ஓர் இட்லியைத் தின்ன எத்தனை நேரம் ஆகும்? மதுரைக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் இடையே சுமார் 75 கிலோமீட்டர். போகும்போது ஒரு வேளை, திரும்பும்போது ஒரு வேளை அங்கே உட்கார்ந்தால் போதாதா? மதுரை தூங்காத நகரம் என்று நீங்களே பெருமை பேசுகிறீர்கள். தூங்காத நகரத்துக்கு எப்போது போனால் என்ன? ஸ்ரீவில்லிபுத்தூர் தூங்கி எழுகிற ஊர். அங்கே ஒவ்வொன்றுக்கும் ஒரு வேளை உண்டு. அந்த வேளையில் நாம் அங்கே இருந்தாக வேண்டும்.

அரைமணிக்காரர் எந்த வேளையில் வருகிறார் தெரியுமா? மதுரையில் காலைப் பலகாரத்தை நிதானமாக முடித்து, வெற்றிலையும் போட்டுக்கொண்டு கிளம்பினால், இங்கே கோயில் நடை சாத்துகிற நேரத்துக்குத்தான் வந்து சேருவார். சாத்திய கதவைப் பார்த்து ஒரு முணுமுணுப்பு. பதினொரு நிலைக் கோபுரத்தை, ஏறக்குறைய 192 அடி உயரத்தை, கழுத்து வலிக்க அண்ணாந்து ஒரு புகைப்படம். முடிந்தது ஸ்தல யாத்திரை!

கோபுரம் என்றதும் ஒரு சங்கதி நினைவுக்கு வருகிறது. தமிழ்நாடு அரசின் முத்திரையில் இருப்பது இந்த வடபத்ரசாயி கோயில் கோபுரம் என்றே பெரும்பாலோர் சொல்லிவருகிறார்கள். "இல்லை, அது எங்கள் மீனாட்சியம்மன் கோயில் மேலைக் கோபுரம்" என்று மதுரையில் ஒரு கட்சி வாதாடுகிறது. ஊர் நிறையக் கோபுரங்களை வைத்துக்கொண்டு, இருக்கிற ஒரு பெரிய கோபுரத்துக்கும் பங்கு கேட்டால் எப்படி?

அது கிடக்கட்டும். எல்லாம் நிறைந்த மதுரைக்கும் இந்த அரைமணி ஊரிலிருந்து ஒன்று தேவைப்படுகிறது. ஆண்டுதோறும் சித்திரையில் கள்ளழகர் வைகையில் இறங்குகிறாரே, அப்போது அவர் அணிந்துகொள்வது ஆண்டாள் சூடிக் களைந்த மாலை. அது ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து போக வேண்டும். புரட்டாசிப் பிரம்மோற்சவத்துக்குத் திருப்பதிக்கும் இங்கிருந்துதான் மாலை போகிறது. மாலை கட்டுகிற கைகளைப் பார்க்க அரைமணி போதுமா? ஆண்டாள் கையில் இருக்கும் கிளியை மரவள்ளி இலையும் மாதுளம்பூவும் கொண்டு ஒவ்வொரு நாளும் புதிதாகச் செய்கிறார்கள். நேற்றைய கிளி இன்று உதவாது. இப்படி ஒரு காரியத்தை அலுக்காமல் செய்துவருகிற ஊரைப் பொட்டலம் கட்டி வாங்கிப் போக முடியும் என்று எண்ணுகிறவரை என்னவென்று சொல்வது?

பொட்டலத்துக்கே வருகிறேன். பசும்பால், சர்க்கரை, விறகடுப்பு, கைவலிக்கக் கிண்டுகிற ஓர் ஆள்: பால்கோவாவின் இரகசியம் இவ்வளவுதான். 2019-ல் இதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அதற்காகப் போலிகள் ஓய்ந்துவிட்டனவா? எங்கோ ஒரு ரயில் ஜங்ஷனில் இந்த ஊர்ப் பெயர் அச்சிட்ட பெட்டி ஒன்றை நான் வாங்கினேன். உள்ளே இருந்தது மாவும் சர்க்கரையும். பால் பெட்டியின் மேலே படத்தில் மட்டும் இருந்தது! ஊரைப் பார்க்காமல் பெயரை மட்டும் வாங்குகிறவர்கள் பெருகினால், பெயரை மட்டும் விற்கிறவர்களும் பெருகத்தானே செய்வார்கள்? என் கோபத்துக்கு மூலகாரணம் இதுதான். அரைமணிக்காரர்களையே நம்பி வாழ நேர்ந்துவிட்டால், எந்த ஊரும் நாளடைவில் அரைமணிக்கு வேண்டியதை மட்டுமே வைத்துக்கொள்ளும். அடுப்பு பின்கட்டுக்குப் போய்விடும். பெட்டிகள் வாசலுக்கு வந்துவிடும். அடுப்பிலிருந்து இறக்கிய கோவாவை வாழையிலைத் துண்டில் சூடாக ஒருமுறை சாப்பிட்டவன் பெட்டியில் ஏமாற மாட்டான்.

"சரி, இரண்டாம் நாளுக்கு என்ன செய்வது?" என்பார்கள். 12 கிலோமீட்டருக்குள் ராஜபாளையம் இருக்கிறதே! "அங்கே மில்லைத் தவிர என்ன இருக்கிறது?" மில்தான் இருக்கிறது, 1936 முதல் இருக்கிறது. பக்கத்துச் சத்திரப்பட்டித் தறிகளில் காயத்துக்குக் கட்டும் பேண்டேஜ் துணி நெய்து கடல் கடந்தும் அனுப்புகிறார்கள். நம் வீட்டுப் பிள்ளை விழுந்து முழங்காலைச் சிராய்த்துக்கொண்டபோது சுற்றிய துணி எங்கே பிறந்தது என்று ஒரு நாளாவது யோசித்திருக்கிறோமா? 1949 முதல் 1952 வரை சென்னை ராஜ்யத்தின் முதல் மந்திரியாக இருந்த பி.எஸ். குமாரசாமி ராஜா இந்த ஊர்க்காரர். சொந்த வீட்டையே காந்தி கலை மன்றத்துக்குக் கொடுத்துவிட்டார். மந்திரி பதவிக்குப் பிறகு வீடு பெருகும் கதைகளையே கேட்டுப் பழகிய நமக்கு, அந்த வாசலில் சற்று நின்றுவிட்டு வருவது உடம்புக்கு நல்லது. 2005-ல் தபால் தலையில் ஏறிய ராஜபாளையம் நாயைப் பற்றியும், கோடையில் வரும் பஞ்சவர்ணம், சப்பட்டை மாம்பழங்களைப் பற்றியும் தனிக் கட்டுரையே எழுதலாம்.

எல்லாவற்றுக்கும் மேலே மலை. இரண்டு ஊருக்கும் மேற்கே மதில்போல நிற்கிறது. 1988-ல் சாம்பல் நிற அணில்களுக்கென்று சரணாலயமான காடு, 2021-ல் மேகமலையோடு சேர்ந்து புலிகள் காப்பகமாயிற்று. புலியை நான் பார்த்ததில்லை. அதுவும் என்னைப் பார்க்க ஆசைப்பட்டதாகத் தெரியவில்லை. ஆனால் செண்பகத்தோப்பில் கிளைக்குக் கிளை தாவும் அணிலைக் காண, சத்தம் போடாமல் காத்திருக்கத் தெரிந்தால் போதும். சூரியன் மலைக்குப் பின்னால் இறங்குவதால் மாலையில் மலை வெறும் நிழலாகத்தான் தெரியும். காலையில்தான் அடிவாரம் முதல் உச்சிவரை வெளிச்சம் விழுந்து, ஒவ்வொரு மடிப்பும் தனித்தனியாகத் தெரியும். ராத்தங்காதவனுக்கு அந்தக் காட்சி கிடையாது.

மதுரையைப்போல் பெரிய ஓட்டல்கள் இங்கே வரிசையாக இல்லைதான். படுக்கக் கட்டிலும் குளிக்க வெந்நீரும் கிடைக்கும். இரண்டு நாளைக்கு அது போதும்.

சென்னைவாசிகளுக்கு மாத்திரம் ஒரு யோசனை. செங்கோட்டைக்குப் போகும் பொதிகை ரயிலில் ஏறுங்கள். மதுரை வரும்போது பொழுது விடிந்திராது. பிளாட்பாரத்தில் காப்பி விற்கிறவர் குரல் கேட்டாலும் இறங்காமல் படுத்திருங்கள். ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்கி, மூட்டையை வைத்துவிட்டு, குளித்துக் கோயிலுக்குப் புறப்படும்போது மலைமேல் வெயில் ஏறிக்கொண்டிருக்கும். இட்லியைத் திரும்பி வரும்போது பார்த்துக்கொள்ளலாம்; மதுரைக்கு எந்நேரம் வந்து சேர்ந்தாலும் அது சூடாகவே இருக்கும்.