புல்வெளி என்ன தரிசா?

மரம் நடுவது புண்ணியம் என்று பள்ளிப் புத்தகம் முதல் பஸ் ஸ்டாண்டு சுவர் வரை எழுதி வைத்திருக்கிறார்கள். சரிதான்... ஆனால் எங்கே நடக்கூடாது என்று எந்தச் சுவரிலும் எழுதவில்லை!

நீலகிரியின் உச்சிக்குப் போய்ப் பாருங்கள். பள்ளங்களில் சோலைக்காடு, மேடுகளில் புல்வெளி. யாரோ மரத்தை வெட்டியதால் வந்த புல்வெளி அல்ல அது. திறந்த மேட்டில் விழும் உறைபனி சோலை மரக் கன்றுகளைக் கருக்கிவிடும். புல் தாங்கும்.

அந்தப் புல் சும்மா நிற்கவில்லை. குளிரில் எதுவும் சீக்கிரம் மக்காது. செத்த புல், வேர், வரையாட்டின் புழுக்கை எல்லாம் மெல்ல மெல்ல மட்கி, மண் கறுத்துப் பஞ்சுபோல் ஆகிறது. பருவமழை கொட்டும்போது அந்த மண் தண்ணீரைக் குடித்துக்கொள்கிறது. மழை நின்றபின் கொஞ்சம் கொஞ்சமாக ஓடைக்கு விடுகிறது. பைக்காரா, மாயாறு, பவானி என்று அது கீழே இறங்குகிறது.

இதைத்தான் 'தரிசு' என்றார்கள்! வெள்ளைக்காரன் 19ஆம் நூற்றாண்டில் ஆஸ்திரேலியாவிலிருந்து கற்பூர மரத்தையும் சீகையையும் கொண்டுவந்தான். அவன் போன பிறகாவது நின்றதா? விறகுக்கு, தோல் பதனிடும் பட்டைக்கு, ஆலைக் கூழுக்கு என்று நடவு இன்னும் பெருகியது.

விளைவு? கிளன்மார்கனில் மத்திய மண், நீர்ப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனத்தின் உதகை மையம் அளந்து பார்த்தது. இரண்டு சிறு நீர்ப்பிடிப்புகள். ஒன்றைப் புல்லாகவே விட்டார்கள். மற்றதில் 59 சதவீத இடத்தில் 1972இல் கற்பூர மரம் நட்டார்கள். முதல் பத்தாண்டில் அங்கே நீர்வரத்து 16 சதவீதம் குறைந்தது.

சீகை வேறு விதம். அது மண்ணில் நைட்ரஜனைச் சேர்க்கும். வயலுக்கு அது வரம். மெதுவாகக் கிடைக்கும் சத்தில் சிக்கனமாக வாழப் பழகிய மலைப் புல்லுக்கு அது வரம் அல்ல. மரத்தை வெட்டினாலும் மண்ணில் பல வருடம் தூங்கும் விதை மறுபடி முளைக்கும்.

'பச்சையாகத்தானே இருக்கிறது, விட்டுவிடலாமே' என்பவர்கள் உண்டு. பச்சை எல்லாம் காடு ஆகிவிடுமா? அதற்காக ஒரே நாளில் மொட்டையடிக்கவும் கூடாது, மண் மழையோடு போய்விடும். சீகை புதிதாகப் பரவும் ஓரங்களில் முதலில் பிடுங்க வேண்டும். அந்த இடத்தில் மலைப் புல்லையே நட வேண்டும். நிழலில் சோலைக் கன்றுகள் முளைத்திருக்கும் இடத்தில் அவசரப்படக் கூடாது.

முதல் வேலை இன்னும் எளிது. புல்வெளியைத் தரிசு என்று எழுதுவதை நிறுத்த வேண்டும். கன்றோடு போட்டோ எடுக்க ஆசைப்படுபவர்களுக்குச் சமவெளியில் இடம் ஏராளம். மலைப் புல்லை விட்டுவிடுங்கள்... கீழ்பவானி வாய்க்காலுக்குத் தண்ணீர் அங்கிருந்துதான் வர வேண்டும்!