உயிர்த் தண்ணீர்

மல்லிகை என்றால் மதுரை என்று நாடே சொல்கிறது. 2013-ல் புவிசார் குறியீடு வேறு வாங்கிவிட்டார்கள். சந்தோஷம். ஆனால் மல்லிகைச் செடிக்குப் பிறந்த வீடு எது தெரியுமா சார்? எங்க ராமநாதபுரம் ஜில்லா! ராமேஸ்வரம் தீவில் தங்கச்சிமடம் பக்கம் போய்ப் பாருங்கள். மணல் பாத்தியில் மல்லிகைக் குச்சிகளை நெருக்கமாக நட்டு, வேர் விட்டதும் பிடுங்கி, கட்டுக் கட்டாக வெளியூருக்கு அனுப்புகிறார்கள். பெண்ணைக் கொடுத்தது நாங்கள், பேர் வாங்கியது மாப்பிள்ளை வீடு!

போன மாசம் அந்தப் பக்கம் ஒரு கல்யாணம். வரும்போது ஐந்து நாற்று வாங்கி, ஈரச் சாக்கில் சுற்றிக்கொண்டு பஸ் ஏறினேன். பாம்பன் பாலம் தாண்டியதும் போலீஸ் சோதனை. இந்தக் கடலோரத்தில் பச்சையாக எதைப் பொட்டலம் கட்டினாலும் அவர்களுக்கு மூக்கு வேர்த்துவிடும். இலங்கைக்குப் படகில் கஞ்சா கடத்துகிற பாதையாச்சே!

"என்னய்யா செடி?"

"மல்லி சார்... சம்சாரம் தலையில வைக்கிறது."

மோந்து பார்த்தார். வேரைப் பார்த்தார். என் முகத்தையும் பார்த்தார். "இந்த வெயில்ல பொழைக்குமா?" என்று கேட்டுவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். 1985-ம் வருஷத்துப் போதைப்பொருள் சட்டத்திலிருந்து தப்பித்தேன். அவர் கேட்ட கேள்வியிலிருந்துதான் தப்ப முடியவில்லை.

கஞ்சாவோ, கத்தரியோ, மல்லிகையோ... இடம் மாறின செடிக்கு வருகிற நோவு ஒன்றுதான். மண்ணில் தண்ணீர் குடிப்பது வேர் நுனியில் இருக்கிற பொடிப்பொடி வேர்த்தூவிகள். பிடுங்கும்போது அறுந்து போவதும் அவைதான். இலைகளுக்கு இந்தச் சேதி போய்ச் சேருவதில்லை. அவை பாட்டுக்குத் தண்ணீரை ஆவியாக வெளியே விட்டுக்கொண்டே இருக்கும். வரவு நின்றுபோய், செலவு மட்டும் நிற்காத குடும்பம். மாசக் கடைசியில் நாம் பார்க்காததா?

எங்கள் ஆபீசில் கோயம்புத்தூரிலிருந்து மாற்றலாகி வந்த பையன் ஒருத்தன். சிறுவாணித் தண்ணீர் குடித்து வளர்ந்த உடம்பு. எங்கள் ஊர் உப்புத் தண்ணீரில் குளித்து, மெஸ் சாப்பாட்டைப் பாதியில் வைத்து, இருபதே நாளில் வாடிப் போனான். மெடிக்கல் லீவ் லெட்டரைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு நடமாடினான். பேச்சுத் துணைக்கு ஆகட்டுமே என்று இரண்டு நாற்றை அவனுக்குக் கொடுத்தேன். லாட்ஜ் மொட்டை மாடியில் தொட்டியில் நட்டான்.

மூன்றாம் நாள் ஓடி வந்தான். "அண்ணே, தலை தொங்கிருச்சு!"

அவ்வளவுதான், ஆபீசே டாக்டர் ஆகிவிட்டது. "ஒரு பிடி யூரியா போடு" என்றார் ஒருவர். "டீத்தூள் போடு" என்றார் இன்னொருவர். "பிடுங்கி வேரைப் பாரு" என்றார் மூன்றாமவர். செடிக்கு எமன் எருமையில் வருவதில்லை சார், இப்படி யோசனையாகத்தான் வருவான்.

நாற்று விற்ற அம்மா எனக்குச் சொன்னதை அப்படியே அவனுக்குச் சொன்னேன்: "நட்டன்னிக்கு ஒரு தண்ணி. மூணாம் நாள் உயிர்த் தண்ணி. அப்புறம் ஈரம் பார்த்து ஊத்து. தொட்டுத் தொட்டுப் பார்த்தா பொழைக்காது தம்பி."

அந்த அம்மா சொன்னதில் விஞ்ஞானம் முழுசாக இருக்கிறது. தொட்டியை ஒரு வாரம், பத்து நாள் நிழலில் வையுங்கள். வெயில் குறைந்தால் இலையின் செலவு குறையும். மொட்டு இருந்தால் கிள்ளிவிடுங்கள். பிழைக்கவே வழியில்லாதபோது பூ எதற்கு? ஆனால் எல்லா இலையையும் உருவிவிடாதீர்கள். புது வேருக்குச் சாப்பாடு சமைப்பது இலைதான்.

விரலை மண்ணில் ஒரு கணு விட்டுப் பாருங்கள். ஈரம் ஒட்டினால் தண்ணீர் வேண்டாம். சேறாகக் குழைந்தால் வேருக்கு மூச்சு முட்டி அழுகிவிடும். எங்கள் ஊர் போர் தண்ணீர் மாதிரி உப்புத் தண்ணீராக இருந்தால், கொஞ்ச நாளைக்கு நல்ல தண்ணீர் கொடுங்கள். உரமும் உப்புதான். மாங்காயில் உப்புப் போட்டால் தண்ணீர் விடுகிறதே, அதே மாதிரி வேரில் இருக்கிற ஈரத்தையும் வெளியே இழுத்துவிடும். புதுக் கொழுந்து வந்த பிறகு உரம் போடலாம்.

மத்தியானம் வாடி, சாயங்காலம் நிமிர்ந்தால் பயமில்லை. விடியற்காலையிலும் தொங்கினால்தான் கவலை. அப்போதும் தூக்கி எறியாதீர்கள். தண்டை நகத்தால் லேசாகச் சுரண்டுங்கள். உள்ளே பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது.

செடிக்குச் சொன்ன வைத்தியம் அந்தப் பையனுக்கும் பொருந்தும் என்று பட்டது. வந்த நாளிலிருந்து "ஊர் பிடிச்சிருக்கா? ஏன் இளைச்சிட்டே? எப்ப மாற்றல் கேட்கப் போறே?" என்று ஆளாளுக்கு அவன் வேரைப் பிடுங்கிப் பார்த்துக்கொண்டிருந்தோம். அதை நிறுத்தினோம். கூடுதல் ஃபைலை அவன் மேஜையில் தள்ளுவதையும் கொஞ்ச நாளைக்கு ஒத்திப்போட்டோம். அதுதான் நிழல். மூன்று நாளைக்கு ஒருதரம் எங்கள் வீட்டில் ராத்திரிச் சாப்பாடு. மீன் குழம்பு. அதுதான் உயிர்த் தண்ணீர்.

இரண்டில் ஒரு நாற்று போய்விட்டது. இன்னொன்றில் பன்னிரண்டாம் நாள், அரிசி மணி அளவுக்கு ஒரு கொழுந்து. லீவ் லெட்டர் என்ன ஆச்சு என்று நான் கேட்கவில்லை. நேற்று அவனாகவே வந்தான். "அண்ணே, பெரிய தொட்டி இங்கே எங்கே கிடைக்கும்?"

தொட்டி வாங்கியாச்சு. பூத்தால் யார் தலையில் வைப்பது என்பதுதான் இப்போதைய பிரச்னை. பையன் பிரம்மச்சாரி. வரன் தேடுகிறவர்கள் தயங்காமல் எழுதலாம். குணம் நல்ல குணம்... வேரும் பிடித்துவிட்டது!