41 குத்தூசிகளும் ஒரு பெல்ட்டும்

இதைப் படித்தால் ஒரு நண்பருக்குக் கோபம் வரும். தெரிந்துதான் எழுதுகிறேன். பெயர் சொல்லப் போவதில்லை. கே.கே. நகரில் எங்கள் தெருவிலிருந்து இரண்டு தெரு தள்ளி இருப்பவர், என்னைப் போலவே ஓய்வூதியக்காரர், காலையில் வண்டியூர் கண்மாய்ப் பக்கம் என்னோடு நடப்பவர். நான் எழுதுவதை ஒன்று விடாமல் படிக்கிறவர். அந்த உரிமையில் எழுதுகிறேன்.

போன மாதம் ஒருநாள் நடை முடிந்ததும் காபிக்குக் கூப்பிட்டார். குடித்து முடித்த பிறகு உள் அறைக்கு அழைத்துப் போய்க் கண்ணாடி அலமாரி ஒன்றைத் திறந்தார். பச்சை வெல்வெட் துணியின்மேல் வரிசையாகப் பழைய மடக்குக் கத்திகள். எண்ணிப் பார்த்தேன், 41. நாம் பென்சில் சீவுகிற பேனாக்கத்திகள் அல்ல. ஒவ்வொன்றிலும் பெரிய அலகோடு கூட, தோலில் துளை போடுகிற குத்தூசி ஒன்றும் மடங்கிக் கிடந்தது. அது இல்லாத கத்தியை அவர் வாங்குவதே இல்லையாம். சுவிஸ் சிப்பாய்க் கத்தி, பிரான்சின் லகியோல், அமெரிக்க மாட்டுப் பண்ணைக் கத்தி என்று விரலால் சுட்டிக் காட்டினார். தொடவிடவில்லை. கை பட்டால் எஃகு கறுத்துவிடுமாம், திறந்து திறந்து மூடினால் விலை இறங்கிவிடுமாம். "ஒரு தடவைகூடத் தோலைத் தொடாத ஊசி சார் இது" என்று ஒன்றைக் காட்டி, கொடுத்த விலையையும் சொன்னார். நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வருடச் சம்பளம் முழுவதையும் கூட்டினாலும் அந்தத் தொகை வராது.

அன்று சாயங்காலம் அவரே போன் செய்தார். மகன் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த பெல்ட் இடுப்புக்குப் பெரிதாக இருக்கிறதாம், கூடுதலாக ஒரு துளை வேண்டுமாம், ஆர்ச் பக்கம் போய் வரலாமா என்றார். போனோம். அங்கே சாக்கு விரித்து உட்கார்ந்திருக்கும் செருப்புத் தைப்பவர் 20 ரூபாய் கேட்டார். "ஒரு ஓட்டைக்கு இருபதா?" என்று ஆரம்பித்த நண்பர், பேசிப் பேசிப் பத்தில் முடித்தார். நான் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். வீட்டில் 41 குத்தூசியை வெல்வெட்டில் படுக்க வைத்துவிட்டு வந்த மனிதர், தெருவில் ஒரு குத்தூசியிடம் பத்து ரூபாய் குறைத்துக்கொண்டு போனார்.

பழைய பொருள் சேர்ப்பதை நான் குறை சொல்லவில்லை. தபால்தலை சேர்க்கிறவர், பித்தளைப் பூட்டு சேர்க்கிறவர் எல்லாருமே எனக்கு நண்பர்கள்தான். என் புகார் இந்தக் குத்தூசியைப் பற்றியது மட்டும். சுவிட்சர்லாந்துக்காரன் செய்தால் அது கலை. நம் ஊர் மரத்தடியில் ஒருவர் கையில் இருந்தால் அதைத் தொட்ட விரலை வேட்டியில் துடைத்துக்கொள்கிறோம். இந்த இரட்டைக் கணக்கைத்தான் நான் கேட்கிறேன்.

முதலில் அந்த ஊசி ஏன் அந்தக் கத்திகளுக்குள் வந்தது என்று பாருங்கள். சுவிஸ் ராணுவத்துக்காக 1891-இல் இபாக் என்ற ஊரில் கார்ல் எல்சனர் செய்து கொடுக்க ஆரம்பித்த சிப்பாய்க் கத்தியில் இருந்தவை மொத்தம் நான்கே சாமான்கள்: ஓர் அலகு, ஒரு டின் திறப்பான், துப்பாக்கியைக் கழற்றிப் பூட்ட ஒரு திருப்புளி, ஒரு குத்தூசி. நான்கில் ஓர் இடத்தைத் தோல் வேலைக்குக் கொடுத்திருக்கிறார்கள். காரணம் எளிது. சிப்பாயின் பெல்ட், பூட்ஸ், பை வார், குதிரைச் சேணம் எல்லாம் தோல். அறுந்தால் அவனவன்தான் துளை போட்டுக் கட்டிக்கொள்ள வேண்டும். இதற்கென்று தனியாக ஒரு சாதியைக் கூட்டிக்கொண்டு போர்க்களத்துக்குப் போக முடியாது.

லகியோல் கதையும் அப்படித்தான். தென் பிரான்சில் ஆடுமாடு மேய்க்கிற மலைப்பகுதியில் ஒரு சிற்றூர் அது. 1829-இல் அங்கே கல்மெல் என்ற கொல்லர் செய்யத் தொடங்கிய கத்தியில் 1840 வாக்கில் குத்தூசி சேர்ந்தது. மாட்டின் கழுத்து வாரில் துளை போடவும், வயிறு உப்பிய மாட்டைக் குத்திக் காற்றை வெளியேற்றவும் மேய்ப்பனுக்கு அது வேண்டியிருந்தது. தக்கைத் திருகி வந்தது பிறகுதான், 1880-இல். ஒயினுக்கு முன்னால் மாடு! எனக்குப் பிரெஞ்சு சொல்லிக் கொடுத்த மிசே இதைக் கேட்டிருந்தால் ஒப்புக்கொண்டிருக்க மாட்டார்.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன், நண்பர் மன்னிக்கட்டும். அவருடைய 41-இல் இரண்டு கணக்கில் சேராது. அவை பிரிட்டிஷ் ராணுவக் கத்திகள். அவற்றில் இருப்பது வழவழவென்று கூர்முனையோடு மட்டும் இருக்கும் முள். அது கயிற்று முடிச்சை நெகிழ்த்த, புரியைப் பிரிக்க. தோல் ஊசிக்கு ஒரு பக்கம் கூர் விளிம்பு இருக்க வேண்டும். சிலவற்றில் ஓட்டு வீட்டுத் தாழ்வாரத் தகரம் மாதிரி குழிந்தும் இருக்கும். பழைய சாமான் விற்கிறவர்கள் இரண்டையும் ஒன்று என்று சொல்லித் தலையில் கட்டிவிடுகிறார்கள். ஒரே ஒரு தடவை தோலில் வைத்துப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். வைத்துப் பார்க்கத்தான் விலை இறங்கிவிடுமே.

எனக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்றால், எங்கள் வீட்டிலும் ஒன்று இருந்தது. புதுச்சேரியில் அப்பா சொல்தா, அதாவது பிரெஞ்சுப் பட்டாளத்துக்காரர். இந்தோசீனாவில் இருந்துவிட்டு 1954-க்குப் பிறகு ஊர் திரும்பினவர். மார்செய் துறைமுகத்தில் வாங்கியதாகச் சொல்லி ஒரு மடக்குக் கத்தியை இடுப்பிலேயே வைத்திருப்பார். மாட்டுக் கொம்புப் பிடி, முதுகில் ஈ போல ஓர் உருவம், உள்ளே குத்தூசி. பள்ளியில் டிக்தே எழுதும்போது 'புவான்சோன்' என்ற சொல் வந்தால் வகுப்பிலேயே எனக்கு மட்டும்தான் அந்தப் பொருள் கண்ணுக்குத் தெரியும்.

அந்தக் கத்தி எங்கள் அடுப்படிக்குள் வந்ததில்லை. ஆயா விடமாட்டார். "தோல் குத்துற ஊசி ஒட்டிக்கிட்டிருக்கு, அத வச்சு காய் நறுக்குவியா?" என்பார். அப்பா சிரித்துக்கொண்டே திண்ணையில் உட்கார்ந்து அதே கத்தியால் மாம்பழம் நறுக்குவார். நானும் தங்கையும் தின்போம். ஆயா தின்னமாட்டார். ஆனால் கோயிலில் மத்தளம் கேட்டால் கன்னத்தில் போட்டுக்கொள்வார். அது என்ன தோல் என்று யாரும் அவரிடம் கேட்டதில்லை.

ஆயா படிக்காதவர், விடுங்கள். படித்தவர்கள் யோக்கியதையைப் பார்ப்போம். புறநானூற்றின் 82-ஆம் பாடலைத் தமிழாசிரியர்கள் எத்தனை பேர் வகுப்பில் நிறுத்தி நடத்துகிறார்கள்? சாத்தந்தையார் பாடியது. மனைவிக்குப் பிரசவ வேளை, ஊரில் திருவிழா, வெளியே மழை, பொழுதும் சாய்கிறது. அப்படிப்பட்ட நேரத்தில் கட்டிலுக்கு வார் பின்னுகிற ஒருவன் கையில் ஊசி எவ்வளவு விரைவாக ஓடுமோ, அவ்வளவு விரைவாக நடந்ததாம் சோழன் போர்வைக்கோப்பெருநற்கிள்ளியின் மற்போர். அரசனின் வீரத்துக்கு அளவுகோலாகப் புலவர் எடுத்தது ஒரு தோல் ஊசியை! அந்த மனிதனைக் குறிக்கப் பாட்டில் வருகிற சொல்லை மட்டும் இங்கே எழுத எனக்குக் கை வரவில்லை. புத்தகம் இருப்பவர்கள் எடுத்துப் பாருங்கள். ஊசியைப் பாராட்டி, பிடித்தவனைத் தாழ்த்துகிற வழக்கம் நேற்று வந்ததல்ல.

நான் மட்டும் ஒழுங்கா? வேலை கிடைத்து மதுரைக்கு வந்தது 1973-இல். 1939 ஜூலை 8-ஆம் தேதி வைத்தியநாத ஐயர் தாழ்த்தப்பட்ட மக்களை அழைத்துக்கொண்டு மீனாட்சியம்மன் கோயிலுக்குள் போன ஊர் இது என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் பெருமை பேசுவேன். அதே நான், அலுவலகத்துக்கு எதிரே செருப்புத் தைத்தவருக்குக் கூலியைக் கையில் கொடுத்ததில்லை. நின்ற இடத்திலிருந்து சாக்கின்மேல் போடுவேன். யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. எல்லாரும் போட்டார்கள், நானும் போட்டேன். பல வருடங்கள்.

அது நின்றது அப்பா இறந்த பிறகு. பெட்டியில் கிடந்த கத்தியை எடுத்து வந்து, பை வாரில் நானே துளை போடப் பார்த்தேன். குத்தினேன். தோல் கிழிந்தது. ஊசி மடங்கி விரலையும் கிழித்தது. வாரைத் தூக்கிக்கொண்டு அவரிடமே போனேன். கத்தியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "குத்தக் கூடாது சார். கீழ ஒரு கட்டைய வச்சு, நேரா அமுக்கித் திருகுங்க. குத்துனா தோலு கிழியும், திருகுனா வட்டமா விழும்" என்று செய்து காட்டினார். அந்த ஒரு பக்கக் கூர் விளிம்பு சுற்றிச் சுற்றித் தோலைச் சீவி எடுக்கிறது. துளையின் ஓரம் பிசிறில்லாமல் நிற்கிறது. பிரெஞ்சுப் படிப்பும் முப்பது வயதும் எனக்குத் தராத ஒன்றை அவர் இரண்டு நிமிடத்தில் கொடுத்தார். அன்று காசைக் கையில் கொடுத்தேன். அவர்தான் கை நீட்டத் தயங்கினார். அந்தத் தயக்கம் இன்னும் எனக்கு உறுத்துகிறது.

நண்பர் என்ன சொல்வார் என்று தெரியும். காலையில் நடக்கும்போதே பாதி சொல்லிவிட்டார்.

கத்தியோடு வெளியே போனால் போலீஸ் பிடிக்கும் என்றார். எழுத்தராக இருந்தவனிடம் இதைச் சொல்லலாமா? 1959 ஆயுதச் சட்டத்தின் விதிகளோடு உள்ள அட்டவணை, அலகு 9 அங்குல நீளத்தையோ 2 அங்குல அகலத்தையோ தாண்டுகிற கத்திகளைப் பற்றித்தான் பேசுகிறது. அதிலும் வீட்டு வேலை, விவசாய வேலைக்கானவற்றை விலக்கிவிடுகிறது. அவருடைய கத்திகளில் மிக நீளமானதற்கே நாலங்குலம் இருக்காது. விமானத்துக்கும் கோயிலுக்கும் கொண்டுபோக வேண்டாம், சரி. சொந்த வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து சொந்த பெல்ட்டில் துளை போட எந்தச் சட்டம் தடுக்கிறது?

இன்னொன்று சொன்னார்: "பயன்படுத்தாத கத்தி ஒன்றாவது மிஞ்சினால்தானே, செய்தவன் எப்படிச் செய்தான் என்று பின்னால் வருகிறவர்களுக்குத் தெரியும்?" இதில் நியாயம் இருக்கிறது. ஒப்புக்கொள்கிறேன். அதற்கு ஒன்றிரண்டை வைத்துக்கொள்ளட்டும், எண்ணெய் போட்டுத் துடைத்து வைக்கட்டும். 41-ம் கன்னிக் கத்தியாக இருக்க வேண்டுமா? பிடி தேய்ந்த கத்தியை அவர் வாங்குவதில்லை, ஊசி முனை மழுங்கியிருந்தால் கழித்துவிடுகிறார். அந்தத் தேய்மானம்தானே ஒரு மேய்ப்பனோ சிப்பாயோ இருந்தான் என்பதற்கு மிஞ்சியிருக்கும் ஒரே சாட்சி? புதுச்சேரி காந்தி வீதி ஞாயிறு சந்தையில் தேய்ந்த கத்தி ஒன்றை ஒருமுறை நான் வாங்கினேன். குத்தூசி பாதிதான் இருந்தது. தீட்டித் தீட்டியே கரைந்து போயிருந்தது. அதைப் பார்த்து "குப்பை" என்றவரும் இதே நண்பர்தான்.

நம் ஊர்க் குத்தூசியை யாராவது சேர்க்கிறார்களா? கட்டைப் பிடி, முனைக்குப் பக்கத்தில் நூலைக் கவ்வி இழுக்க ஒரு சின்னக் கொக்கி. துளையும் போடும், தையலும் போடும். லகியோலுக்கு இரண்டாவது வேலை தெரியாது. நண்பரின் அலமாரியில் அதற்கு இடம் உண்டா என்று கேட்டேன். "அதில் என்ன சார் இருக்கு" என்றார். செய்தவன் பெயர் பொறித்திருக்காது, பெட்டி இருக்காது, சான்றிதழ் இருக்காது. வேலை மட்டும் இருக்கும்.

அப்பாவின் கத்தியைப் போன வாரம் ஆர்ச் பக்கம் கொண்டுபோய் அவரிடம் காட்டினேன். கட்டைவிரலால் முனையைத் தடவிப் பார்த்தார். "நல்ல எஃகு சார். ஆனா கொக்கி இல்லையே, இத வச்சு எப்படித் தைக்கிறது?" என்று திருப்பிக் கொடுத்துவிட்டு, கையிலிருந்த செருப்பைத் தைக்கப் போய்விட்டார்.

நண்பர் பதில் எழுதுவார். எழுதட்டும், கீழேயே வெளியிடுகிறேன். அதற்கு முன்னால் ஆர்ச் வரை ஒரு நடை போய் அந்தப் பத்து ரூபாயைக் கொடுத்துவிட்டு வரட்டும். சாக்கின்மேல் போடாமல், கையில்.