எழாத குவிமாடம்

சென்னைப் பெரியார் ஈ.வெ.ரா. சாலையில், 1850-ஆம் ஆண்டில் தோன்றிய அரசு கவின்கலைக் கல்லூரியின் வாயிலிலிருந்து புறப்பட்டு எவ்வளவு நிதானமாக நடந்தாலும், வேப்பேரியிலுள்ள கால்நடை மருத்துவக் கல்லூரியை அடைய அதிக நேரம் பிடிக்காது. முன்னதில் ஒரு மாணாக்கன் களிமண்ணைப் பிசைந்து காளையின் திமிலுக்கு உருவம் கொடுக்க முயன்று, எந்தத் தசை எந்த எலும்பைப் பற்றியிருக்கிறது என்று தெரியாமல் திகைத்துக்கொண்டிருக்கலாம். பின்னதில் மற்றொருவன் அந்த எலும்பையும் தசையையும் மனப்பாடமாக அறிந்திருந்தும், ரெக்கார்டு நோட்டில் அவற்றை வரையத் தெரியாமல் பென்சிலைக் கடித்துக்கொண்டிருக்கலாம். இருவரும் மாலையில் ஒரே கடையில் தேநீர் குடிக்கிறார்கள் என்றே வைத்துக்கொள்வோம். ஒருவரிடம் இருப்பது மற்றவருக்கு வேண்டியது என்பதை அவர்கள் அறிந்துகொள்ளும் மார்க்கம் மட்டும் நம் கல்வி முறையில் எங்கும் காணோம்.

அந்த மார்க்கத்தைத் திறக்க வேண்டியது பல்கலைக்கழகங்களின் கடமை என்பது நம் அபிப்பிராயம். பரீட்சைகள் முடிந்து விடுதிகள் காலியாகும் மே மாதத்தில், சித்திரம், சங்கீதம், பொறியியல், தாவர சாஸ்திரம், தமிழ், கணிதம் என்று வெவ்வேறு துறைகளில் பயிலும் இருபது முப்பது பேரை ஒரே கூரையின் கீழ் ஒரு மாதம் தங்கவைத்து, உண்டியும் மூலப்பொருளும் கொடுத்து, அவர்கள் தாமே தேர்ந்துகொள்ளும் ஏதேனும் ஒன்றை, அது ஒரு நாடகமாகட்டும், நீர் இறைக்கும் யந்திரமாகட்டும், கூட்டாகச் சிருஷ்டிக்கும்படி விட்டுவிட வேண்டும். மேல்நாட்டார் ரெசிடென்சி என்று வழங்கும் இதைக் கூட்டுவாசம் என்று சொல்லலாம். முகாம் என்ற சொல்லை நாம் வேண்டுமென்றே தவிர்க்கிறோம். அதைக் கேட்டதும் துணிப் பதாகையும், பொன்னாடையும், குழுப் புகைப்படமும், கலந்துகொண்டதற்கான சான்றிதழும்தான் கண்முன் வந்து நிற்கின்றன. துறைகளை இணைப்பதற்கென்று நடக்கும் ஒருநாள் கருத்தரங்குகளோ, மதிய உணவுக்குப் பின் பாதி நாற்காலிகள் காலியாக, யாரும் யாரையும் அறியாமலே கலைந்துபோகின்றன.

சேர்ந்து வசிப்பதால் என்ன விளையும் என்பதற்கு, அமெரிக்க நாட்டில் வட கரோலினா மலைச்சாரலில் 1933 முதல் 1957 வரை நடைபெற்ற பிளாக் மௌன்டன் கல்லூரியைக் காட்டிலும் நல்ல திருஷ்டாந்தம் கிடைப்பது அரிது. அங்கே ஆசிரியரும் மாணாக்கரும் ஒரே கூடத்தில் உண்டார்கள், தோட்டத்தில் உழைத்தார்கள், வகுப்பும் விடுதியுமான ஒரு பெரிய கட்டடத்தையே தங்கள் கைகளால் எழுப்பிக்கொண்டார்கள். 1948-ஆம் ஆண்டுக் கோடையில், வருவதாக இருந்த ஒரு கட்டடக் கலைஞருக்குப் பதிலாகக் கடைசி நேரத்தில் வந்து சேர்ந்தவர் பக்மின்ஸ்டர் ஃபுல்லர். ஜன்னல் மறைப்புக்கு உபயோகிக்கும் மெல்லிய பட்டைகளைக் கொண்டு மாபெரும் குவிமாடம் ஒன்றை எழுப்பிக் காட்டுவதாக அவர் சொல்ல, மாணாக்கர்கள் ஒவ்வொரு பட்டையையும் அளந்து இணைத்தார்கள். கல்லூரியே கூடி நின்று வேடிக்கை பார்த்தது. குவிமாடம் தரையை விட்டு எழவில்லை. யாரும் அதற்காக வெட்கப்பட்டதாகத் தெரியவில்லை. அடுத்த கோடையில் அவரே மீண்டும் வந்து, அளவில் சிறியதும் பொருளில் உறுதியானதுமான வேறொன்றைக் கட்டி நிறுத்தினார். 1967-இல் மான்ட்ரியல் உலகக் கண்காட்சியில் அமெரிக்கக் கூடமாக நின்ற பெருங்கோளத்துக்கு முன்னோடிகளுள் ஒன்றாக, அந்தத் தரையில் கிடந்த பட்டைக் குவியலையும் எண்ணுவது மிகையாகாது.

குவிமாடம் எழாத அந்த 1948-ஆம் ஆண்டுக் கோடையில்தான், ஜான் கேஜ் என்ற சங்கீதக்காரர் பிரெஞ்சு இசைஞர் ஸாட்டீ எழுதிய ஒரு ஹாஸ்ய நாடகத்தை மேடையேற்ற விரும்பியபோது, பொறியியல் சிந்தனையாளரான ஃபுல்லரே பிரதான வேஷம் கட்டினார்; நடன மேதை மெர்ஸ் கன்னிங்ஹாம் யந்திரக் குரங்காக ஆடினார்; சித்திரக்காரர் டி கூனிங்கின் மனைவியும் தாமே சித்திரக்காரருமான எலெய்ன் மகளாக நடித்தார். மேடைக் கூச்சத்தால் விறைத்து நின்ற ஃபுல்லரைக் குழந்தைபோல் விளையாடவைத்து இளக்கிய ஆர்தர் பென் என்ற இளைஞர், பிற்காலத்தில் திரைப்பட இயக்குநராகப் பெயர் பெற்றார். இத்தகைய சேர்க்கையை எந்தப் பாடத்திட்டக் குழு கூடித் தீர்மானம் போட்டு உண்டாக்கியிருக்க முடியும்?

இதெல்லாம் செல்வச் செழிப்புள்ள தேசத்தின் விளையாட்டு என்று சிலர் சொல்லக்கூடும். உண்மையில் அந்தக் கல்லூரி பணமின்மையால்தான் மூடப்பட்டது. கட்டடமும், நிலமும், சமையற்கூடமும், மின்சாரமும் நம் பல்கலைக்கழகங்களுக்கு முன்பே இருக்கின்றன. ஒரு மாதத்துக்கு அரிசியும் பருப்பும் களிமண்ணும் கம்பியும் வாங்குவதற்கு ஆகும் செலவு, ஒரு பட்டமளிப்பு விழாப் பந்தலின் செலவை எட்டுமா என்பதே சந்தேகம். மேலும், சென்னைக் கலைப்பள்ளியின் முதல்வராயிருந்த கே. சி. எஸ். பணிக்கரும் அவருடைய மாணாக்கர்களும், ஓவியம் எழுதிப் பிழைக்க வழியில்லாத காலத்தில், பாடிக் துணிகளுக்குச் சாயமேற்றி விற்ற பணத்தைக் கொண்டு ஈஞ்சம்பாக்கத்துக் கடற்கரையில் நிலம் வாங்கி, 1966-இல் சோழமண்டலம் கலைஞர் கிராமத்தை நிறுவினார்கள். தரித்திரம் ஒரு தடையென்றால் அந்தக் கிராமம் தோன்றியே இருக்காது. இன்றைக்கு அதே கிழக்குக் கடற்கரைச் சாலையின் வழியே மேலும் தெற்கே சென்றால், மாமல்லபுரத்துச் சிற்பக் கல்லூரியில் தாள அளவு கற்கும் இளைஞர்கள் இருக்கிறார்கள். கிண்டியில் பாரமும் விசையும் கணக்கிடும் இளைஞர்கள் இருக்கிறார்கள். ஒரு கல் தன் பாரத்தை எப்படித் தாங்குகிறது என்ற ஒரே கேள்விக்கு இரண்டு பாஷைகளில் விடை தேடும் இவர்களை ஒரு மாதம் ஒரே திண்ணையில் உட்காரவைக்க, நமக்குப் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை.

பெற்றோரின் கவலை நியாயமானது. பெண்களுக்குப் பாதுகாப்பான அறைகளும், இரவில் பொறுப்புள்ள வார்டனும் இன்றி இதைத் தொடங்குவதற்கு நாம் சம்மதிக்க மாட்டோம். ஆனால் “இதற்கு எத்தனை மார்க்?” என்ற கேள்விக்கு மட்டும் நம் விடை பூஜ்யமே. மதிப்பெண் என்று ஒன்று நுழைந்த கணத்திலேயே, எழக்கூடிய சிறு குவிமாடங்களை மட்டும் எல்லோரும் கட்டத் தொடங்கிவிடுவார்கள். பெரிதாக முயன்று தரையில் விழுவதற்கு ஒருவனும் துணிய மாட்டான். மாதக் கடைசியில் காட்டுவதற்கு ஒன்றும் தேறவில்லையானாலும், ஏன் தேறவில்லை என்று ஊரறியச் சொல்ல அவர்களுக்கு ஒரு மாலைப்பொழுதை ஒதுக்கினால் போதுமானது.

மற்றொரு நிபந்தனையும் உண்டு. நம் நாட்டுக் கலாசாலைகளின் வழக்கத்தை அறிந்தவர்கள் இதன் அவசியத்தை உணர்வார்கள். ஓவியம் பயில்வதற்காக அந்த 1948-ஆம் ஆண்டுக் கோடையில் பிளாக் மௌன்டனுக்கு வந்த கென்னத் ஸ்னெல்சன் என்ற மாணவர், ஃபுல்லரின் மாதிரிகளைச் சேர்த்துக் கொடுக்கும் உதவியாளராக இருந்து, ஊர் திரும்பியபின், ஒன்றையொன்று தொடாத கழிகள் இழுத்துக் கட்டிய கம்பிகளின் பலத்தினாலேயே காற்றில் நிற்கும் விசித்திரமான அமைப்பைக் கண்டுபிடித்தார். அதை ஆசிரியரிடம் காட்டினார். ஆசிரியர் அதற்கு ஒரு பெயர் சூட்டி உலகெங்கும் பேசினார். மாணவரின் பெயரோ நெடுநாள் வெளியே வரவில்லை. 1959-இல் நியூயார்க் நவீன கலைக் காட்சிசாலையில் அந்த அமைப்பு வைக்கப்பட்டபோதுதான் ஸ்னெல்சனுக்குரிய கௌரவம் ஒருவாறு கிடைத்தது. வாஷிங்டனில் அவருடைய ஊசிக்கோபுரம் ஓங்கி நிற்கும் இக்காலத்திலும் அந்த மனஸ்தாபம் பேசப்படுகிறது. ஆராய்ச்சிக் கட்டுரையில் வழிகாட்டியின் பெயர் முதலில் வருவதையே இயற்கை நியதியாகக் கருதும் நம்மிடையே, இத்தகைய அநியாயம் மனஸ்தாபமாகக்கூட வெளிப்படாது. ஆகவே கூட்டுவாசத்தின் முடிவில் அச்சிடும் ஒற்றைத் தாளில் துணைவேந்தரின் படமோ துறைத்தலைவர்களின் பட்டங்களோ வேண்டாம்; செய்தவர்களின் பெயர்கள் அகரவரிசையில் இருக்கட்டும், அந்த ஒரு மாதமும் அவர்களுக்குச் சமைத்துப்போட்டவரின் பெயரையும் சேர்த்து.