அலையோரம் அரை மணி நேரம்

சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் நாகூருக்குக் காரில் கிளம்பினோம். சீர்காழி தாண்டியதும், "தரங்கம்பாடியில அரை மணி நேரம் நிறுத்தலாமா?" என்றார் கணவர். பின்சீட்டில் இருந்த மாமியார் எதுவும் சொல்லவில்லை. அவர் நாகப்பட்டினத்துக்காரர். 2004 சுனாமியில் தங்கையைப் பறிகொடுத்தவர். அதன்பிறகு கடற்கரைப் பக்கமே போனதில்லை.

ஊருக்குள் நுழைய ஒரு பெரிய வெள்ளை வாசல். 1792-ல் டேனிஷ்காரர்கள் கட்டியது. அதைத் தாண்டினால் ராஜா வீதி. சர்ச்சுகளும் பழைய பங்களாக்களுமாக வேறு ஏதோ ஊருக்கு வந்ததுபோல இருக்கிறது. வீதியின் முடிவில் கடல்.

"நான் வண்டியிலயே இருக்கேம்மா. நீங்க போயிட்டு வாங்க" என்றார் அத்தை. வற்புறுத்தவில்லை.

டேன்ஸ்போர்க் கோட்டையை மகள் சுற்றிச் சுற்றி வந்தாள். தஞ்சை ரகுநாத நாயக்கரிடம் அனுமதி வாங்கி டேனிஷ்காரர்கள் 1620-ல் கட்டத் தொடங்கியது. 1706-ல் இங்கே வந்திறங்கிய சீகன்பால்கு, தமிழ் படித்து, புதிய ஏற்பாட்டைத் தமிழாக்கி 1715-ல் இங்கேயே அச்சிட்டு முடித்தார் என்று சொன்னேன். "அப்பவே தமிழ்ல பிரிண்ட் பண்ணாங்களா?" என்று கண்ணை விரித்தாள். அதுவரை அவள் கையை விட்டு இறங்காத போன் என் பைக்குள் வந்தது.

கோட்டையை ஒட்டி, கரையோரத்தில் மாசிலாமணி நாதர் கோயில். 14-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாண்டியர் காலத்தில் கட்டியது. முன்பகுதியைக் கடல் கொண்டுபோய்விட்டது. மிச்சத்தைக் காப்பாற்றக் கரையில் பாறாங்கற்களைக் கொட்டியிருக்கிறார்கள்.

அங்கே நின்றுகொண்டிருந்தபோது மகள் திடீரென்று காருக்கு ஓடினாள். திரும்பி வந்தபோது அப்பாயியின் கையைப் பிடித்திருந்தாள். "கோயில் இருக்குன்னு சொன்னேன், வந்துட்டாங்க!"

அத்தை சாமி கும்பிட்டார். பிறகு கடல் பக்கம் திரும்பி நின்றார். நான் பக்கத்தில் போய் நின்றேன். அலை பாறையில் மோதித் தெறித்தது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"இவ்வளவு எடுத்துக்கிட்டும் கோயிலை முழுசா விழுங்க முடியல பாரு" என்றார் மெதுவாக.

அரை மணி நேரம் இரண்டு மணி நேரமானது. நாகூர் போகும் வழியெல்லாம் தங்கையின் சின்ன வயசுக் கதைகளைப் பேத்தியிடம் சொல்லிக்கொண்டே வந்தார். இத்தனை வருஷத்தில் நாங்கள் கேட்டிராத கதைகள்.

அந்தப் பக்கம் போனால் காரைக்கால் வருவதற்குள் வண்டியை நிறுத்துங்கள். வெயில் தாழ்ந்து, நான்கு மணிக்குமேல் போனால் நல்லது. வீட்டுப் பெரியவர்களையும் அழைத்துப் போங்கள். இறங்க மாட்டேன் என்றால் வற்புறுத்தாதீர்கள், பேரப்பிள்ளை பார்த்துக்கொள்ளும்.