கூண்டு காலியா? கோபம் வேண்டாம்!



குளிர்காலத்தில் உயிரியல் பூங்காவுக்குப் போயிருக்கிறீர்களா? வட இந்தியப் பூங்காக்களில் அப்போது சில கூண்டுகளின் முன்னால் ஒரே முணுமுணுப்பாக இருக்கும். "உள்ளே ஒண்ணுமே இல்லையே... டிக்கெட் காசு தண்டம்!" என்பார்கள். சிலர் விசில் அடிப்பார்கள். சிலர் கம்பியைத் தட்டுவார்கள். எதற்கு? உள்ளே சுருண்டு படுத்திருக்கும் விலங்கை வெளியே வரவழைக்கத்தான்!

இது நியாயமா? கொஞ்சம் யோசித்துப் பார்ப்போம்.

ராஜஸ்தானில் பரத்பூர் என்ற ஊரில் கேவலாதேவ் தேசியப் பூங்கா இருக்கிறது. அங்கே சுதந்திரமாக வாழும் மலைப்பாம்புகள், குளிர் வந்தால் முள்ளம்பன்றி தோண்டிய வளைக்குள் போய்விடும். வெயில் ஏறியதும் வெளியே வந்து சுகமாகக் காயும். எப்போது உள்ளே போவது, எப்போது வெளியே வருவது என்பதை அவையே முடிவு செய்கின்றன.

கூண்டில் இருக்கும் விலங்குக்கு அந்த வசதி உண்டா? இடத்தைத் தேர்ந்தெடுத்தது நாம். வேலி போட்டதும் நாம்தான். எனவே அதைக் குளிரிலிருந்து காப்பது நாம் காட்டும் இரக்கம் அல்ல, நம் கடமை!

தில்லியில் டிசம்பர், ஜனவரி மாத இரவுகளில் வெப்பநிலை 5 டிகிரி செல்சியசுக்கும் கீழே இறங்குவது உண்டு. அதனால் அங்குள்ள தேசிய விலங்கியல் பூங்காவில் பாம்புகளுக்கு ஹீட்டர் வைக்கிறார்கள். பாம்பின் உடல் நம் உடலைப் போலத் தானாகச் சூட்டை உண்டாக்காது. போதிய சூடு கிடைக்காவிட்டால் தின்ற இரைகூட அதற்குச் செரிக்காது! புலி, சிங்கங்களின் அறையில் வைக்கோல் பரப்புகிறார்கள். குளிரில் கூடுதல் சக்தி தேவை என்பதால் இறைச்சியின் அளவையும் கூட்டுகிறார்கள்.

எல்லா விலங்குக்கும் ஹீட்டர் வைத்துவிட்டால் போதுமா? போதாது! டார்ஜிலிங்கில் சுமார் 7,000 அடி உயரத்தில் பத்மஜா நாயுடு இமாலய உயிரியல் பூங்கா இருக்கிறது. அங்குள்ள பனிச்சிறுத்தைக்குக் குளிர்தான் கொண்டாட்டம். அதன் உள்ளங்காலில்கூட ரோமம் உண்டு. நீண்ட, அடர்த்தியான வாலைப் போர்வைபோலச் சுற்றிக்கொண்டு படுத்துவிடும். அதற்கு ஹீட்டர் வைத்தால் அது தண்டனை!

அப்படியானால் எந்த விலங்குக்கு என்ன வேண்டும் என்று எப்படித் தெரிந்துகொள்வது? கவனித்துப் பார்ப்பதுதான் வழி. ஜப்பானில் இசு ஷபோட்டன் என்ற பூங்கா உள்ளது. 1982ஆம் ஆண்டு குளிர்காலத்தில், அங்கே பணியாளர் ஒருவர் வெந்நீர் ஊற்றித் தரையைக் கழுவினார். தேங்கிய வெந்நீரில் கேப்பிபாராக்கள் வந்து கூடிவிட்டன. தென் அமெரிக்காவைச் சேர்ந்த, உலகிலேயே மிகப் பெரிய கொறிக்கும் விலங்குகள் இவை. யாரும் கூப்பிடவில்லை, தங்களுக்கு வேண்டியதைத் தாங்களே காட்டிவிட்டன! அன்று முதல் குளிர்காலம்தோறும் அவற்றுக்கு வெந்நீர்க் குளியல்தான்.

குளிர்கால காலையில் ஒரு விலங்கு உள்ளறைக்குள் போய்ப் படுக்கிறது என்றால், அதுவும் ஒரு செய்திதான். "எனக்குக் குளிர்கிறது, இப்போது வரமாட்டேன்" என்கிறது. அதைக் கேட்காமல் விசில் அடிக்கலாமா?

"காசு கொடுத்து வந்தோமே, பார்க்காமல் திரும்புவதா?" என்று நீங்கள் கேட்பது புரிகிறது. அதற்கும் வழி இருக்கிறது. வெயில் ஏறிய பிறகு போங்கள். பல விலங்குகள் வெயில் காய வெளியே வரும். அப்போதும் வராவிட்டால்? விட்டுவிடுங்கள்! நாம் கொடுக்கும் காசு பூங்காவுக்குள் நுழைவதற்குத்தான். விலங்கின் தூக்கத்துக்கு விலை அல்ல. சத்தம் போட்டு விலங்குகளைத் தொல்லை செய்வதை நம் நாட்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமே தடை செய்கிறது.

ஒளிந்துகொள்ள இடம் கொடுக்கும் பூங்காதான் நல்ல பூங்கா. பக்கத்தில் யாராவது கம்பியைத் தட்டினால், "அது தூங்கட்டும், விடுங்க அங்கிள்!" என்று பணிவாகச் சொல்லுங்கள். பெரியவர்களுக்கும் சில சமயம் நாம்தான் சொல்லித் தர வேண்டும். சரிதானே?