பக்கத்து நாற்காலியில் இருப்பவர்

"அக்கா, ராத்திரியில உங்களுக்கும் சத்தம் கேட்குதா?"

வார்ஃபரின் கிளினிக்குக்கு வெளியே எண் கூப்பிடும் வரை காத்திருக்கும் நாற்காலிகளில் இந்தக் கேள்வி பிறக்கிறது. டாக்டரிடம் இதைக் கேட்பவர்கள் குறைவு. மருந்தகரிடம் கேட்பதில்லை. மிஸ்ஸியிடம் (தாதியிடம்) எப்போதாவது, வெட்கத்தோடு. எந்திர வால்வு வைத்து இரண்டு மாதம் ஆனவர், பல வருடமாக அதே ஐஎன்ஆர் (ரத்த உறைவு அளவு) புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வருபவரிடம் கேட்கிறார். பதிலும் உடனே வருகிறது: "கேட்கும்மா. மொதல்ல தூக்கமே வராது. போகப்போக, அது கேட்கலைன்னாத்தான் பயமா இருக்கும்."

அந்தப் பதிலைச் சற்று நிறுத்திப் பாருங்கள். கார்பன் இதழ்கள் மூடும்போது எழும் 'டிக்' ஒலி இயல்பானது. பலருக்குக் காலப்போக்கில் பழகிப்போகும். அந்த ஒலி மங்கினாலோ நின்றுபோனாலோ, கூடவே மூச்சு வாங்கினாலோ, வால்வில் ரத்தக்கட்டி அடைத்திருக்கலாம். அது அன்றைக்கே மருத்துவமனைக்கு ஓட வேண்டிய அவசரம். வீட்டுக்கு அனுப்பும் நாளில் பத்து நிமிடத்தில் பதினைந்து விஷயம் சொல்ல முயன்று நாம் விட்டுவிடுவதை, பக்கத்து நாற்காலிக்காரர் இரண்டு வாக்கியத்தில் சொல்லிவிட்டார். கேட்டவரும் மறக்கப்போவதில்லை.

இந்த உரையாடல் நடந்தால் அதிர்ஷ்டம், நடக்காவிட்டால் யாருக்கும் தெரியாது என்ற நிலையில்தான் இதை விட்டுவைத்திருக்கிறோம். தையல் பிரிப்பதைப் போல, ஐஎன்ஆர் பார்ப்பதைப் போல, இதுவும் நம் வேலைப் பட்டியலில் ஏற வேண்டும் என்பதே இந்த இதழில் நான் வைக்கும் கோரிக்கை.

இது புதிய யோசனை இல்லை; வால்வு அறுவையின் தொடக்க நாள்களிலேயே பிறந்தது. 1948 ஜூன் மாதம், சுருங்கிப்போன மைட்ரல் வால்வை இதயம் துடித்துக்கொண்டிருக்கும்போதே விரிக்கும் அறுவை சிகிச்சையை 10ஆம் தேதி பிலடெல்பியாவில் சார்ல்ஸ் பெய்லியும், 16ஆம் தேதி பாஸ்டனில் டுவைட் ஹார்க்கனும் வெற்றிகரமாகச் செய்தார்கள். பேராக் வாசகர்களுக்கு 16 ஜூன் 1948 வேறொரு காரணத்துக்காக நினைவிருக்கும். சுங்கை சிப்புட் தோட்டங்களில் மூன்று ஐரோப்பியத் துரைமார்கள் சுட்டுக் கொல்லப்பட்டதும், மலாயாவில் அவசரகாலம் தொடங்கியதும் அன்றுதான். அந்த நாள்களின் தோட்டத்து லயங்கள் முன்பே நெருக்கடியானவை. அவசரகாலத்தில் தொழிலாளர் குடியிருப்புகளை ஓரிடத்தில் குவித்து முள்கம்பி வேலி போட்டார்கள். ஒரே அறையில் ஐந்தாறு பிள்ளைகள் படுக்கும் வீட்டில் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தொண்டைப்புண் எளிதாகத் தொற்றும். அதில் சில பிள்ளைகளுக்கு வாதக்காய்ச்சல் வரும், மூட்டு வீங்கித் தணியும். வால்வில் பட்ட வடு மட்டும் தங்கிவிடும். இருபது, முப்பது வருடம் கழித்துப் பால்மரம் சீவப் போகும்போதோ, இரண்டாவது பிள்ளையைச் சுமக்கும்போதோ மூச்சு வாங்கும். நம் கிளினிக்குகளில் மைட்ரல் வால்வு மாற்றிய மூத்தவர்களிடம் சிறுவயதைப் பற்றிக் கேட்டால், 'கால் வீங்கி டிரெஸர் ஊசி போட்டார்' என்ற கதை அடிக்கடி வரும்.

ஹார்க்கனின் நோயாளிகள் நால்வர் 1951 ஜனவரியில் அவருடன் சேர்ந்து தொடங்கிய சங்கம் 'மெண்டட் ஹார்ட்ஸ்'. அறுவைக்குக் காத்திருப்பவரின் கட்டிலருகே, அறுவை முடிந்து நடமாடும் ஒருவர் போய் உட்காருவதே அதன் வேலை. இதய நுரையீரல் எந்திரத்தை வைத்து கிப்பன் முதல் வெற்றி கண்டது 1953இல். ஸ்டார் எட்வர்ட்ஸ் செயற்கை வால்வு வந்தது 1960இல். அவற்றுக்கெல்லாம் முன்பே நோயாளிக்கு நோயாளி துணை என்ற ஏற்பாடு வந்துவிட்டது, அதுவும் வால்வு நோயாளிகளிடமிருந்தே. நம்மில் பலர் இதை மறுவாழ்வுத் திட்டத்தில் கடைசியாகச் சேர்க்கும் அலங்காரமாக நினைக்கிறோம். வரலாற்றில் அது வால்வுக்கு முன்னால் நிற்கிறது.

நம் பேராக் மாநிலத்துக்கு இந்தத் துணை ஏன் கூடுதலாகத் தேவை? தோட்டம் இருந்த காலத்தில் ஒருவர் நெஞ்சைத் திறந்து அறுவை செய்து வந்தால் லயமே அறியும். கஞ்சி வரும், பிள்ளைகளை யாராவது பள்ளிக்கு அழைத்துப் போவார்கள், விடியற்காலைப் பெரட்டில் மண்டோர் விசாரிப்பார். அந்த வாழ்க்கையை நான் மெச்சவில்லை. அதன் கூலியும் கொடுமையும் எனக்குத் தெரியும். ஆனால் படுத்தவரைச் சுற்றி ஆட்கள் இருந்தார்கள். ரப்பர் போய் எண்ணெய்ப்பனை வந்தது, நிலம் வீடமைப்புக்குப் போனது, குடும்பங்கள் ஈப்போ ஓரங்களுக்கும் மலிவு விலை அடுக்குமாடிகளுக்கும் சிதறின. பிள்ளைகள் கோலாலம்பூரிலும் சிங்கப்பூரிலும் வேலை செய்கிறார்கள். வால்வு மாற்ற பலர் கோலாலம்பூர் தேசிய இருதயக் கழகத்துக்கோ பினாங்குக்கோ போய்வருகிறார்கள். பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்து பழகியவர் கிளந்தான்காரராக இருப்பார். இருநூறு கிலோமீட்டர் தாண்டி வீடு வந்ததும், பகல் முழுக்க மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு தனியாகப் படுத்திருக்கிறார் நம் நோயாளி. அழுகை வருகிறது, காரணம் தெரியவில்லை. 'ஆபரேஷன் நல்லா முடிஞ்சுச்சே, இன்னும் ஏன் இப்படி?' என்று வீட்டார் கேட்கிறார்கள். அந்த மனச்சோர்வு பலருக்கும் வருவது என்று அவரிடம் சொல்ல, அதைக் கடந்த ஒருவர் அந்த அடுக்குமாடியில் இல்லை.

இனி, வார்ஃபரினை எலி மருந்து என்று நினைத்து வரும் பயம். பேராக்கில் வேலை செய்யும் மருந்தகர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை, புதிதாக வந்தவர்களுக்காக எழுதுகிறேன். கெட்டுப்போன இனிப்புக் குளோவர் தீவனத்தைத் தின்ற மாடுகள் ரத்தம் கசிந்து செத்ததை ஆராய்ந்தது விஸ்கான்சினில் கார்ல் பால் லிங்க்கின் ஆய்வகம். அதன் தொடர்ச்சியாகப் பிறந்த வார்ஃபரின் 1948இல் எலிக்கொல்லியாக விற்பனைக்கு வந்தது; 1954இல் மனிதர்களுக்கு மருந்தாக அனுமதி பெற்றது. மலேசிய எண்ணெய்ப்பனைத் தோட்டங்களில் எலிக்கு வைத்த தீனியிலும் இதே வார்ஃபரின்தான் இருந்தது. நம் முன்னால் உட்கார்ந்திருப்பவர் அந்தத் தீனியைத் தன் கையால் பனையடியில் வைத்தவராக இருக்கலாம். மலாயில் 'உபாட் சாயிர் டாரா' என்று சொல்லிக் கொடுத்த மாத்திரையின் பெயரை மகன் போனில் தேடி, 'அப்பா, இது எலி மருந்து' என்று சொல்லிவிட்டால் அன்றிரவு மாத்திரை குப்பைக்குப் போகும். மைட்ரல் இடத்தில் எந்திர வால்வு உள்ளவருக்கு அதன் விலை பக்கவாதம், அல்லது அடைத்துப்போன வால்வு.

அளவுதான் மருந்தையும் நஞ்சையும் பிரிக்கிறது என்று நாம் விளக்குகிறோம். பொதுவாக மைட்ரல் எந்திர வால்வுக்கு ஐஎன்ஆர் 2.5 முதல் 3.5, அயோர்ட்டிக் எந்திர வால்வுக்கு 2 முதல் 3 என்று எழுதிக் கொடுக்கிறோம். ரத்தப் பரிசோதனை வேண்டாத புது மாத்திரை இல்லையா என்று கேட்டால், அப்படிப்பட்ட மாத்திரையான டாபிகட்ரானை எந்திர வால்வில் சோதித்த ரீ-அலைன் ஆய்வு ரத்தக்கட்டியும் ரத்தக்கசிவும் கூடியதால் இடையிலேயே நிறுத்தப்பட்டது, அதன் முடிவு 2013இல் வெளியானது என்கிறோம். எல்லாம் சரி. ஆனால் அதே மாத்திரையை வருடக்கணக்கில் விழுங்கி, பேரப்பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு வந்திருக்கும் ஓய்வுபெற்ற பால்வெட்டுக்காரர், "நானும் எலிக்கு வச்சவன்தான் தம்பி, நானும் தின்கிறேன்" என்று சொன்னால் அந்தச் சொல்லுக்கு ஈடான துண்டறிக்கை எதையும் நான் பார்த்ததில்லை.

இன்னொன்று காவடி. அறுவை அறைக்குப் போகும் முன் வேண்டிக்கொள்ளாத குடும்பம் குறைவு. 'பிழைச்சு வந்தா கல்லுமலைக்குக் காவடி எடுக்கிறேன்' என்ற நேர்த்தி மருத்துவக் கோப்பில் பதிவாவதில்லை. தைப்பூசத்துக்கு ஒரு மாதம் முன்பு வந்து, 'வார்ஃபரினை ரெண்டு வாரம் நிறுத்தலாமா?' என்று கேட்கும்போதுதான் நமக்குத் தெரிகிறது. வார்ஃபரின் எடுக்கும்போது அலகு குத்தினால் ரத்தம் எளிதில் நிற்காது. நிறுத்திவிட்டுக் குத்தினால் வால்வு அடைக்கலாம். எப்படிக் குத்தினாலும் தோல் வழி போகும் கிருமி செயற்கை வால்வில் ஒட்டி இதய உள்ளுறை அழற்சியை உண்டாக்கலாம். 'கூடவே கூடாது' என்று மட்டும் சொல்லி அனுப்பினால் அவர் சாமிக்குக் கடன்பட்டவராகவே வீட்டுக்குப் போகிறார், அந்தப் பயத்துக்கு நம்மிடம் மருந்து இல்லை. நெஞ்செலும்பு நன்றாகச் சேர்ந்தபின், மாத்திரையை ஒரு வேளையும் விடாமல், அலகு இல்லாமல் சிறிய பால்குடம் எடுத்து நேர்த்தியை முடித்த ஒருவர் இருந்தால், அவரை இவருக்கு அறிமுகப்படுத்துவதுதான் சிகிச்சை. முடி காணிக்கைக்குப் புது பிளேடு கேட்டு வாங்குங்கள் என்பதையும் அவரே சொல்லிவிடுவார்.

முருங்கைக் கீரையை அடியோடு விட வேண்டாம், வாரா வாரம் ஒரே அளவாகச் சாப்பிடலாம் என்பது, முட்டிவலிக்குக் கடையில் பொன்ஸ்தான் வலிமாத்திரை வாங்கக் கூடாது என்பது, இருமும்போது தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொள்வது, மோட்டாரை ஓட்டுவது எப்போது: இவையும் நாற்காலி வழியே நன்றாகப் போய்ச் சேரும். எண்ணெய்ப்பனைக் குலை வெட்டுபவருக்கு மட்டும் தனிக் கவனம் வேண்டும். நீண்ட கம்பைத் தலைக்கு மேல் தூக்கி இழுப்பது நெஞ்செலும்புக்கு மோட்டாரைவிடக் கடினமான சோதனை. ரத்தம் உறையாதவர் கையில் அரிவாள் வேறு. எப்போது திரும்பலாம், திரும்பலாமா என்பதை இயன்முறை மருத்துவர் அவரோடு உட்கார்ந்து பேசித்தான் முடிவு செய்ய வேண்டும்.

இளம்பெண்களைப் பற்றி நாம் குறைவாகவே பேசுகிறோம். கருவின் முதல் மாதங்களில் வார்ஃபரின் குழந்தையின் உருவாக்கத்தைப் பாதிக்கலாம். அதை விட்டால் தாயின் வால்வுக்கு ஆபத்து. திசு வால்வு வைத்தால் வார்ஃபரினிலிருந்து விடுபடலாம், ஆனால் இளவயதில் அது விரைவாகத் தேயும், மறு அறுவை வரும். இந்தத் தராசை அறுவைக்கு முன்பே நிபுணர் அவர் முன் வைத்தாக வேண்டும். அதற்குப் பிறகும், நெஞ்சின் நடுவே வடுவோடு பெண் பார்க்க வருபவர் முன் உட்காருவது எப்படி என்று கேட்க அவருக்கு ஒரு அக்கா வேண்டும். அந்த அக்காவைத் தேடித் தருவது கடினம். தேட வேண்டும்.

ஆதாரம் என்ன என்று கேட்கும் சக மருத்துவர்களுக்கு நேர்மையாகவே சொல்கிறேன். கனடாவில் முதல் முறை பைபாஸ் செய்துகொண்ட 56 ஆண்களிடம் நடந்த ஆய்வு 2000இல் வெளியானது. முன்னாள் நோயாளிகள் போய்ப் பார்த்தவர்களுக்குப் பதற்றம் குறைந்தது, நடமாட்டம் கூடியது. அவர்கள் வால்வு நோயாளிகள் அல்ல, அதில் ஒரு பெண்ணும் இல்லை. டென்மார்க்கில் வால்வு அறுவை செய்துகொண்ட 147 பேரிடம் நடந்த கோப்பன்ஹார்ட் ஆய்வில், உடற்பயிற்சியும் தாதியர் ஆலோசனையும் சேர்ந்து உடல் திறனை உயர்த்தின. மனநலத்தில் அந்த மாற்றம் தெரியவில்லை. ஆகவே துணை நோயாளி உயிரைக் காப்பார் என்று நான் எழுதமாட்டேன். பயிற்சிபெற்ற நாம் பேசியும் எட்டாத ஓர் இடம் உண்டு என்பதே டென்மார்க் முடிவிலிருந்து நான் எடுத்துக்கொள்வது.

ஆபத்துகளும் உண்டு. "எனக்கு அரை மாத்திரை குறைச்சாங்க, நீயும் குறை" என்ற ஒரு வாக்கியம் ஆளைக் கொல்லும். அளவைப் பேசுவதில்லை, மாத்திரையைப் பகிர்வதில்லை, மூலிகை சொல்வதில்லை என்று துணைக்கு வருபவரிடம் முதலிலேயே உறுதி வாங்க வேண்டும். ஒரு கம்பெனி மாத்திரையின் நிறமும் இன்னொன்றின் நிறமும் வேறுபடலாம் என்பதால் 'நீல மாத்திரை' என்ற பேச்சே வேண்டாம். காய்ச்சல் வந்தால் வாய் திறந்து முதலில் 'வால்வு' என்று சொல்லுங்கள் என்பதை மட்டும் அவர் எல்லாரிடமும் சொல்லட்டும். நம் ஊரில் காய்ச்சல் டெங்கியாக இருந்து தட்டணு இறங்கினால் வார்ஃபரின் எடுப்பவருக்கு இரட்டை அபாயம். வால்வில் கிருமியாக இருந்தால், ரத்தக் கல்ச்சர் எடுக்கும் முன் கிளினிக்கில் கொடுத்த ஆன்டிபயாடிக் நோயை மறைத்துவிடும். இருவரின் சம்மதமும் எழுத்தில் இருக்கட்டும். எந்தச் சிக்கலும் இல்லாமல் தேறியவரையே எப்போதும் தேர்ந்தெடுக்காதீர்கள். தடுமாறி எழுந்தவரின் பேச்சைத்தான் தடுமாறுபவர் நம்புகிறார். ஆணுக்கு ஆண், பெண்ணுக்குப் பெண், அதே வால்வு, அதே மொழி. துணைக்கு வந்தவர் தான் பார்த்துப் பழகியவரை இழக்க நேர்ந்தால், அன்று அவரோடு உட்காருவது நம் பொறுப்பு.

இதற்குத் தனிக் கட்டடமோ தனி நிதியோ கேட்கவில்லை. பழைய நோயாளி ஐஎன்ஆர் பார்க்க எப்படியும் வருகிறார். சுங்கை சிப்புட்டிலிருந்தோ பீடோரிலிருந்தோ பஸ் ஏறி, ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வருகிறார். இன்னொரு நாள் அவரை வரச் சொல்வது நியாயமில்லை. அறுவைக்குப் பெயர் கொடுத்துக் காத்திருப்பவருக்கு நாம் தரும் முன்விளக்க நாளை, வார்ஃபரின் கிளினிக் நடக்கும் அதே காலைக்கு மாற்றுங்கள். மிஸ்ஸி ஒருவர் இருவரையும் பெயர் சொல்லி அறிமுகப்படுத்திவிட்டு, அரை மணி நேரம் அங்கிருந்து நகர்ந்துகொள்ளட்டும்.